வெல்வெட் நாமமும் ஒற்றைத் தும்மலும்

சித்திரை மாதம், வளர்பிறை, வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். நாளையும் நாழிகையையும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் நான் ஆண்டை மட்டும் சொல்லப் போவதில்லை. சொன்னால் என் அக்காவின் புகுந்த வீட்டார் விரல்விட்டு எண்ணிக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அந்த நிமிடத்தில் நான் நயினாரின் அச்சகத்தில், சிவப்பு மைப் பேனாவும் கையுமாக நின்றிருந்தேன். முதுகலை முதலாண்டுத் தேர்வு முடிந்த விடுமுறை. பிழைதிருத்தும் வேலை. கல்யாணப் பத்திரிகைகளில் ‘சுற்றமும் நட்பும் சூழ’ என்ற தொடருக்கு நடுவே ஒற்று மிகுமா என்று நான் ஒருத்திதான் கவலைப்பட்டேன். அந்தக் கவலைக்குச் சம்பளமும் கொடுத்தார்கள்.

அச்சகத்தில் ஒரு விதி இருந்தது. அனுப்பி முடிந்த ஒவ்வொரு பத்திரிகையிலும் ஒரு பிரதியைக் கோப்பில் வைக்க வேண்டும். பிழைதிருத்துபவர் அதன் ஓரத்தில் ‘பிழையில்லை’ என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும். அந்தச் சொல்லை எழுதும்போது எனக்குள் எழுந்த பெருமிதத்தை அடக்கமான பெண் என்று பெயரெடுத்த நான் யாரிடமும் சொன்னதில்லை.

அன்று கையில் இருந்தது என் அக்கா பெருந்தேவியின் கல்யாணப் பத்திரிகை. உள்ளே எழுத்தை மூன்று முறை படித்தேன். ஒரு புள்ளி பிசகவில்லை. பத்திரிகையை மூடி, முகப்பைத் திருப்பினேன். மரூன் அட்டையில் வெள்ளை வெல்வெட்டில் திருநாமம். இருபுறமும் சங்கு, சக்கரம்.

நாமத்துக்குப் பாதம் இல்லை.

## அரை அங்குலம்

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். நாங்கள் தென்கலை. எங்கள் நாமம் மூக்கின்மேல் ஒரு பாதம் வைத்து நிற்கும். அக்காவை மணக்கவிருந்த சம்பத்தின் வீட்டார் வடகலை. அவர்கள் நாமத்துக்குப் பாதம் கிடையாது. அடியில் வளைந்து முடிந்துவிடும். அட்டையில் அளந்தால் வித்தியாசம் அரை அங்குலம். சின்னக் காஞ்சிபுரத்தில் அந்த அரை அங்குலத்தின் இருபுறமும் நின்று தலைமுறை தலைமுறையாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அக்காவும் சம்பத்தும் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்தில் சந்தித்தார்கள். ஒரே கணினியை இருவருக்குப் பங்கிட்டுக் கொடுத்த நிலையம் அது. எங்கள் அப்பா பள்ளியில் கணக்கு ஆசிரியர். ‘முடியாது’ என்ற விடையைப் பல வழிகளில் நிறுவினார். சம்பத்தின் பெரியப்பா ஓய்வுபெற்ற தாசில்தார். அந்தக் குடும்பத்தில் முத்திரை அவர் கையில்தான் இருந்தது. ஓராண்டுக்குப் பிறகு அவர் இறங்கி வந்தார், ஒரு நிபந்தனையோடு.

“அவா பத்திரிகையை அவா நாமத்தோட அடிச்சுக்கட்டும். எங்க பத்திரிகையை எங்க நாமத்தோட நாங்க அடிச்சுக்கறோம். ஆனா ஒண்ணு. எங்க பத்திரிகையில ஒரு துளி பாதம் கண்ணுல பட்டுதோ, இந்தக் கல்யாணம் அன்னிக்கே நின்னுது.”

அப்பாவும் அதையே திருப்பிச் சொன்னார். எங்கள் பத்திரிகையில் பாதம் இல்லாவிட்டால் அவரும் பந்தலுக்கு வரமாட்டாராம்.

ஊரில் வெல்வெட் முகப்புப் போடும் அச்சகம் எங்களுக்குத் தெரிந்து ஒன்றுதான். எனவே இரண்டு வீட்டுப் பத்திரிகைகளும் ஒரே இடத்துக்கு வந்தன. ஆளுக்கு முந்நூறு. உள்ளே தனித்தாள் வைத்துப் பட்டுக் கயிற்றால் கட்டலாமா என்று நயினார் கேட்டபோது, அட்டையிலேயே அச்சடித்தால் போதும் என்று இரு வீட்டாரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர்கள் முழுமனத்தோடு ஒத்துப்போன ஒரே விஷயம் அது. தனித்தாள் இருந்திருந்தால் இந்த அத்தியாயத்தை நான் எழுத நேர்ந்திருக்காது.

கோப்புக்கு வந்த இரண்டாவது பிரதியை எடுத்தேன். உள்ளே சம்பத்தின் வீட்டு எழுத்து. முகப்பில், நல்ல அடர்த்தியான வெல்வெட்டில், எங்கள் பாதம்.

இரண்டு பெட்டிகளும் நயினாரின் மொபெட்டில் ஏறிப் போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது.

## பட்டு ஊரில் பஞ்சுத்தூள்

இந்த வெல்வெட் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

உலகம் பட்டெடுக்க வரும் ஊர் எங்களுடையது. ஆனால் அந்த ஆண்டுகளில் எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தங்கள் கல்யாணப் பத்திரிகையைத் தொட்டால் வெல்வெட்டாக இருக்க வேண்டும். அது நெய்த துணியல்ல. சுண்ணாம்பைப்போல் மூட்டையில் வரும் ரேயான் தூள். ஒவ்வொரு துகளும் ஓர் எறும்பின் காலளவு இழை. ஆறு மாதம் தறியில் உட்கார்ந்தவர் வீட்டுப் பத்திரிகைக்கும் அந்தத் தூள்தான் கௌரவம்.

செய்முறை எளிது என்று தோன்றும். வேண்டிய உருவத்தைத் திரைச்சட்டம் வழியாகப் பசையால் அட்டையில் இழுக்க வேண்டும். ஈரம் காயுமுன் சல்லடையால் தூளைச் சொரிய வேண்டும். பிறகு அட்டையின் அடியில் விரலால் சுண்ட வேண்டும். அந்தச் சுண்டலில்தான் இழைகள் படுத்த நிலையிலிருந்து எழுந்து நிற்கும். நின்றால் வெல்வெட், படுத்தால் அழுக்கு.

அந்தச் சுண்டலைச் சரியாகச் செய்யத் தெரிந்தவர் செல்லம்மாள். மாகறலிலிருந்து காலைப் பேருந்தில் வருவார். மூக்கில் ஈரத்துணி கட்டியிருப்பார். பேசும்போது கீழே இறக்கிவிடுவார். பேசாத நேரம் குறைவு. மாலையில் அவருடைய புருவம் அன்றைய நிறத்தில் இருக்கும். என் தயிர்சாதமும் அப்படித்தான். கல்லூரியில் இருந்தபோது வெள்ளையாகவே உண்டு வந்த ஒரு பண்டத்தை நான் அந்த விடுமுறையில் பச்சை, நீலம், மரூன் ஆகிய நிறங்களில் உண்டேன். தும்மினால் கைக்குட்டையைப் பார்த்து நேற்று எந்த ஆர்டர் ஓடியது என்று சொல்லிவிடலாம்.

பத்திரிகை மட்டுமல்ல. நகைப்பெட்டியின் உட்புறம், சீர்த்தட்டு, நெக்லஸ் மாட்டும் கழுத்துப் பொம்மை என எல்லாவற்றுக்கும் அவர் ரோமம் முளைக்க வைப்பார். ஒருமுறை ஒருவர் சீர்வரிசைக்காகப் பதினோரு தேங்காய்களுக்கு வெல்வெட் பூசச் சொல்லிக் கொண்டுவந்தார். பூசினோம். அவற்றைக் கடைசிவரை யாரும் உடைக்கவில்லையாம். உடைக்கப் போனால் ஏதோ பிராணியைக் கொல்வதுபோல் இருந்ததாகச் சொல்லி, வருந்தி, ஒன்றைத் திருப்பிக் கொண்டுவந்து காட்டினார்.

## வெள்ளைப் போர்வை

தூள் சொரிந்த அட்டையை உடனே உதறக் கூடாது. ஒரு நாள் முழுவதும் தூளுக்கு அடியிலேயே விட வேண்டும். மறுநாள்தான் தூரிகையால் தட்ட வேண்டும். அதுவரை அட்டை முழுவதும் வெள்ளை மூடியிருக்கும். அடியில் பிள்ளையாரா பெருமாளா என்பது யாருக்கும் தெரியாது.

இரண்டு அடுக்குகளில் அட்டைகளைப் பரப்பியிருந்தோம். இடது அடுக்கு எங்கள் வீடு; வலது அடுக்கு சம்பத் வீடு. அதை நானே நின்று பார்த்து, மனத்தில் குறித்துக்கொண்டேன். மறுநாள் காலை, தூளைத் தட்டுமுன்பே, இடது அடுக்கில் ‘பெண் வீடு’ என்றும், வலது அடுக்கில் ‘பிள்ளை வீடு’ என்றும் சீட்டுக் கட்டினேன். அழகான கையெழுத்து. அந்தச் சீட்டின்படி உள்ளே எழுத்து அச்சானது.

“நீ பூட்டப்புறம் சாய்ங்காலம் ரெண்டுத்தையும் இடம் மாத்தினேனேம்மா,” என்றார் செல்லம்மாள், நான் இரண்டு பிரதிகளையும் நீட்டியபோது. “சன்னல் பக்கம் வெயிலு, இந்தப் பக்கம் நெழலு. தெனம் மாத்தறதுதான். இல்லாங்காட்டி ஒண்ணு காயும், ஒண்ணு காயாது.”

“தட்டும்போது பார்த்திருப்பீங்களே?”

“பார்த்தேன். ஒண்ணுக்குக் காலு இருந்துச்சு, ஒண்ணுக்கு இல்ல. யாருக்குக் காலு, யாருக்கு இல்லன்னு எனக்கு இன்னாம்மா தெரியும்? எனக்கு ரெண்டும் கோவிந்தாதான்.”

நியாயம். அவர் படத்தைப் பார்த்தார், எழுத்தைப் பார்க்கவில்லை. நான் எழுத்தைப் பார்த்தேன், படத்தைப் பார்க்கவில்லை. நான்காண்டு இலக்கியக் கல்வியின் பயனை அந்த நிமிடத்தில் உணர்ந்தேன்.

பெட்டிகளைக் கொடுத்துவிட்டுத் திரும்பிய நயினார் இரண்டையும் வாங்கிப் பார்த்தார். திருப்பருத்திக்குன்றத்துச் சமணர். சூரியன் மறைந்தபின் உண்பதில்லை, குரலை உயர்த்துவதில்லை. நாமத்தில் அவருக்கு எந்தக் கட்சியும் இல்லை.

“அட்டை மறுபடி சென்னையிலிருந்து வரணும். நாலு நாள் ஆகும்.”

“நாளைக் காலையில் முதல் பத்திரிகை பெருமாள் கோயிலுக்குப் போகுது சார். ரெண்டு வீட்டிலும்.”

செல்லம்மாள் ஒரு பிரதியைத் தடவிப் பார்த்தார். “கால் இல்லாததுக்குக் கால் வைக்கலாம். ஒரு சொட்டுப் பசை, ஒரு சிட்டிகை தூளு. நிமிசம்தான். இருக்கற காலை எடுக்க முடியாது. மழிச்சா சொட்டை உழும்.”

சேர்ப்பது எளிது, எடுப்பது கடினம். சமயச் சண்டைகளைப் பற்றி நான் கேட்ட மிகச் சுருக்கமான விளக்கம் அது.

“முதல்ல பெட்டியைக் கொண்டு வாங்க,” என்றார் நயினார். “அப்புறம் யோசிப்போம்.”

## ராகுகாலத்தின் நன்மை

சுவரில் மணி பத்தரை. வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகுகாலம். அந்த ஒன்றரை மணி நேரத்தில் எந்த வைதீக வீட்டிலும் யாரும் கல்யாணப் பத்திரிகைப் பெட்டியைப் பிரிக்க மாட்டார்கள். நல்ல காரியம் எதையும் தொடங்கலாகாத அந்த நேரம்தான் எங்களுக்கு வாய்த்த ஒரே நல்ல நேரம்.

செல்லம்மாளும் நானும் ஆட்டோவில் ஏறினோம். முதலில் எங்கள் வீடு. அப்பா தேர்வுக் கண்காணிப்புக்குப் போயிருந்தார். நான்கு மணிக்குத்தான் வருவார். அக்கா கொல்லைப்புறக் கதவைத் திறந்தாள். பிரதியைக் காட்டினேன். அவள் முகத்தில் இருந்த மஞ்சளைத் தவிர எல்லா நிறமும் போயிற்று.

“பெரியப்பா பார்த்துட்டாரா?”

“பன்னிரண்டுக்குத்தான் பிரிப்பார்.”

“கோதை, அவர் பார்த்தா அவ்வளவுதான். சம்பத் அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டார். பேசறவரா இருந்தா இந்த ஒரு வருஷம் எதுக்கு?”

பெட்டியை என் கையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். உள்ளிருந்து தாழ்ப்பாள் விழும் ஓசை கேட்கவில்லை. கதவில் சாய்ந்தபடியே நின்றிருக்க வேண்டும்.

அடுத்த தெருவில் பாவு விரித்திருந்தார்கள். தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நூல் இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டோ நின்றது.

“கொஞ்சம் தள்ளிக்கங்கண்ணா, அவசரம்,” என்றார் செல்லம்மாள்.

“ஆகண்டி ஆகண்டி, நில்லுங்க. கல்யாணப் புடவைக்கான பாவும்மா. இதைத் தாண்டக் கூடாது,” என்றார் நெசவாளர்.

யாருடைய கல்யாணத்துக்கோ. எங்களுடையது நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. சுற்றிக்கொண்டு போனோம்.

## பெரியப்பாவின் கூடம்

பெரியப்பா கூடத்தில் சாய்வு நாற்காலியில் இருந்தார். எதிரே கோலமிட்ட மணைமேல் பெட்டி. பிரிக்காத பெட்டி.

“வாடிம்மா கோதை. சம்பந்தியாத்துப் பொண்ணு ராகுகாலத்துலயா படியேறறது?”

“வெல்வெட் சரியாகக் காயவில்லை மாமா. கட்டி வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காய வைத்து மாலையில் கொண்டுவந்து தருகிறோம்.”

பொய்யைக்கூட எழுத்துத் தமிழில்தான் சொன்னேன். பதற்றம் வந்தால் எனக்கு அப்படித்தான்.

“காய வைக்கலாம். ஆனா ராகுகாலத்துல மங்கள வஸ்து ஆத்தை விட்டுப் போகப்படாது.”

“அப்போ நாங்கள் பிறகு...”

“நீயும் போகப்படாது. வந்தது வந்துட்டே. பன்னெண்டு மணிக்கு நான் என் கையால பிரிச்சு, ஒண்ணு எடுத்துப் பார்த்து, பெருமாள்ட்ட காட்டிட்டுத் தரேன். அப்புறம் எடுத்துண்டு போ. உக்காரு.”

உட்கார்ந்தேன். செல்லம்மாள் வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவே இருந்த ரேழியிலேயே நின்றார். அதற்கு மேல் அவருக்கு அனுமதி இல்லை. அதை யாரும் சொல்லவில்லை, சொல்லத் தேவையிருக்கவுமில்லை. மாமி எனக்கு மோர் கொடுத்தார். ரேழிக்கு மோர் போகவில்லை.

கிட்டத்தட்ட ஒரு மணி நேரம், ஒரு பெட்டியையும் அதன் உரிமையாளரையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெரியப்பா என் படிப்பை விசாரித்தார்.

“தமிழ் எம்.ஏ. படிச்சு என்ன பண்ணப் போறே?”

“பிழைதிருத்துகிறேன் மாமா.”

“நல்ல காரியம். பத்திரிகையெல்லாம் நீதான் பார்த்தியா?”

“ஆமாம்.”

“அப்போ நேக்குக் கவலையே இல்லை. உன்னை மாதிரி கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுண்டு பார்க்கறவா யாரு? பாரு, நேக்கு மத்ததெல்லாம் பெரிசில்லை. சாப்பாடு சுமாரா இருக்கட்டும், நாதஸ்வரம் சுமாரா இருக்கட்டும். பாதம் மட்டும்...” விரலால் காற்றில் ஒரு பாதம் வரைந்து, அதை அடித்தார். “இந்தப் பையனோட தோப்பனார் போனப்புறம் இவாத்து மானம் என் கையில. நாளைக்கு நாலு பேர், ‘என்ன ஓய், மடங்கிட்டீரா’ன்னு கேக்கப்படாது, பாரு.”

அதுவரை நான் அவரை ஒரு நிபந்தனையாகவே நினைத்திருந்தேன். தம்பி மகனுக்காக ஊர்வாய்க்குப் பயப்படும் ஒரு வயதானவராகப் பார்த்தது அப்போதுதான். பார்த்ததால் வேலை எளிதாகிவிடவில்லை.

## ஒற்றை

பன்னிரண்டு அடித்தது. கடிகாரம் ஐந்து நிமிடம் வேகமாக ஓடுகிறது என்று அவரே சொல்லி, அந்த ஐந்து நிமிடத்தையும் காத்தார். பிறகு எழுந்து, கைகால் கழுவி, மணைமுன் அமர்ந்து, கண்மூடி ஏதோ முணுமுணுத்து, பெட்டியின் கயிற்றில் கை வைத்தார்.

ரேழியிலிருந்து ஒரு தும்மல் வந்தது.

முழுமையான, பெரிய, வெல்வெட் தொழிலாளியின் தும்மல். ரேழியைத் தாண்ட அனுமதியில்லாத செல்லம்மாளின் தும்மல் யாரிடமும் அனுமதி கேட்காமல் கூடத்தைக் கடந்து, பூஜை அறையின் மணியைத் தொட்டுத் திரும்பியது.

பெரியப்பாவின் கை கயிற்றில் நின்றது. மாமி சமையலறையிலிருந்து ஓடிவந்தார்.

“ஒத்தையா, ரெட்டையா?”

“ஒத்தை,” என்றார் பெரியப்பா.

எங்கள் ஊரில் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். தொடங்கும்போது ஒற்றைத் தும்மல் ஆகாது. இரட்டை என்றால் தோஷமில்லை, இன்னும் விசேஷம். எனவே எல்லோரும் இரண்டாவதற்காகக் காத்திருந்தார்கள்.

“ஏம்மா, இன்னொண்ணு வரலையா?” பெரியப்பா ரேழிப் பக்கம் திரும்பிக் கேட்டார். அந்த வீட்டில் அவர் செல்லம்மாளிடம் பேசிய முதல் சொற்கள் அவை.

“வரமாட்டேங்குதே சாமி.”

“வரும், வரும். மேல வெளிச்சத்தைப் பாரு.”

செல்லம்மாள் பார்த்தார். கூரை இடுக்கில் சூரியன். அவர் மூக்கு விரிந்ததை நான் கண்டேன். கண்ணில் நீர் கோத்தது. கழுத்து நரம்பு புடைத்தது. நாள்தோறும் இருபது முப்பது முறை தும்முகிற ஒரு மனுஷி, மேலுதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு, ஓர் அட்சரமும் வெளியே வராமல் நின்றார்.

“மூக்குப்பொடி கொண்டு வரட்டுமா?” என்றார் மாமி.

“வோணாம்மா. பூட்ச்சு. உள்ளயே பூட்ச்சு.”

பெரியப்பா கயிற்றிலிருந்து கையை எடுத்தார். நெடுமூச்சு விட்டார். “இன்னிக்கு மத்தியானம் இதுக்குப் பிராப்தமில்லை. எடுத்துண்டு போங்கோ. நன்னாக் காய வெச்சு, விளக்கு வைக்கறதுக்கு முன்னாடி கொண்டு வாங்கோ. ராகுகாலம் போயாச்சு, வெளியில போகலாம்.”

பெட்டியோடு தெருமுனை திரும்பியதும் செல்லம்மாள் தும்மினார். நான் எண்ணினேன்: தொடர்ந்து பதினான்கு.

“மொதல் தும்மல் நெஜமா, பொய்யா?” என்று கேட்டேன்.

“அது தானா வந்துச்சும்மா. ரெண்டாவதுதான் நான் போட்டது.”

வராத தும்மலைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும் உரிமை அவருக்கு இருந்தது. மோர் கொடுக்காத வீட்டுக்கு அவர் செய்த உபகாரம் அது.

## இரவல் தாமரை

அச்சகத்தில் நயினார் பழைய திரைச்சட்டங்களைத் தரையில் பரப்பி வைத்திருந்தார். ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். எட்டிதழ்த் தாமரை, விரிந்த நிலையில்.

“எங்க ஊர்க் கோயில் விழாவுக்குப் போட்டது. பீடத் தாமரை. அகலம் முக்கால் அங்குலம். உங்க பாதம் அரை அங்குலம்.”

செல்லம்மாள் சட்டத்தை வாங்கி ஓர் அட்டையின்மேல் வைத்துப் பார்த்தார்.

“காலை மழிச்சுட்டு, சொட்டை மேல தாமரையைப் போட்ரலாம்,” என்றார் செல்லம்மாள் மெதுவாக. “அப்போ கால் இல்லாததுக்கும் தாமரை போடணும். ஒண்ணுக்கு மட்டும் போட்டா எதுக்குன்னு கேப்பாங்க.”

“சமணத் தாமரை சார்,” என்றேன்.

“தாமரைக்கு என்னம்மா தெரியும்?” என்றார் நயினார்.

வேலை தொடங்கியது. சம்பத் வீட்டு முந்நூறு நாமங்களின் பாதத்தையும் நான் பிளேடால் மழித்தேன். வேர்ப்பசை அட்டையோடு ஒன்றியிருந்தது, அது வரவில்லை. பாதத்தின் வடிவம், ரோமமில்லாமல், ஒவ்வொன்றிலும் அப்படியே இருந்தது. அதன்மேல் நயினார் தாமரையின் பசையை இழுத்தார். செல்லம்மாள் ரோஜா நிறத் தூளைச் சொரிந்து சுண்டினார். சித்திரை வெயிலில், மொட்டைமாடியில், கொசுவலைக்குள் அறுநூறு தாமரைகள் காய்ந்தன. ஒரு நாள் காய வேண்டியதை நான்கு மணி நேரம் காய வைத்தோம். வெயில் ஒத்துழைத்தது.

எங்கள் வீட்டு முந்நூறிலும் தாமரை மட்டும் போட்டோம். அடியில் முதலில் ஒரு பாதம் வைத்துவிடலாமா என்று செல்லம்மாள் கேட்டார்.

“மேலே தாமரை மூடிவிடும். யாருக்குத் தெரியப் போகிறது?” என்றேன். நேரமும் இல்லை.

பிழைதிருத்துபவர் ஒருவர் சொல்லக் கூடாத வாக்கியம் அது. சொன்னேன்.

## இரண்டு விளக்கங்கள்

விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன் பெரியப்பா பெட்டியைப் பிரித்தார். யாரும் தும்மவில்லை, செல்லம்மாளை நான் அழைத்துப் போகவில்லை. முதல் அட்டையைக் கையில் எடுத்து, மூக்குக் கண்ணாடியை இறக்கி, ஏற்றி, நாமத்தின் அடியில் பெருவிரலை வைத்துத் தடவினார். என் அக்காவின் வாழ்க்கை அந்தப் பெருவிரலுக்கு அடியில், ரோஜா நிற ரோமத்துக்கும் அடியில் இருந்தது.

“தாமரை நாம கேக்கலையே?”

“இரண்டு வீட்டுக்கும் போட்டிருக்கிறது மாமா. நயினாரின் அன்பளிப்பு.”

நெடுநேரம் பார்த்தார். பிறகு மாமியைக் கூப்பிட்டார்.

“இங்க பாரு. பாதம்னு ஒண்ணு வேணுமா என்ன? தாமரை மேல நேரா, சுத்தமா நிக்கறது. இதைப் பார்த்தாலே நம்ம சித்தாந்தம் புரிஞ்சுடும். சம்பந்தியாத்துலயும் இதையே போட்டுண்டிருக்காளாம். கடைசியில வழிக்கு வந்துட்டா, பாரு!”

மஞ்சள் தோய்த்த விரலால் நான்கு மூலையிலும் தொட்டு, அட்டையைப் பெருமாள்முன் வைத்துச் சேவித்தார். மழித்த பாதம் ஒன்று அவருடைய வணக்கத்தை ஏற்றுக்கொண்டது.

வீட்டுக்கு வந்தேன். இரு வீட்டுக்கும் தாமரை என்று சொல்லி, எங்கள் பெட்டியை நயினார் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அப்பா அட்டையை எட்டப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா தூண் மறைவில் நின்றிருந்தாள்.

“பாதம் எங்கடி?” என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் அவரே விடை கண்டுவிட்டார். கணக்கு ஆசிரியர்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு.

“ஓஹோ. தாமரைக்குள்ள இருக்கு. திருவடி எப்பவும் தாமரைக்குள்ளதானே இருக்கும்! தெரிஞ்சவாளுக்குத் தெரியும், தெரியாதவாளுக்கு வெறும் பூ. அவாத்துலயும் தாமரையா? பேஷ். பாதத்தை ஒத்துக்க வெட்கம், பூவைப் போட்டு மறைச்சுண்டிருக்கா.”

அப்பாவின் முந்நூறு தாமரைகளுக்கு அடியில் ஒன்றுமே இல்லை. பெரியப்பாவின் முந்நூறு தாமரைகளுக்கு அடியில் முந்நூறு பாதங்கள். அதை அறிந்தவர்கள் மூவர்: ஒரு சமணர், ரேழியிலேயே நிறுத்தப்பட்ட ஒரு பெண், நான். அக்காவிடமும் முழுவதையும் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. தூணைவிட்டு வெளியே வந்து, மஞ்சள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்று காலையிலிருந்து அவள் உட்கார்ந்தது அப்போதுதான் என்று அம்மா பிறகு சொன்னார்.

கல்யாணம் நடந்தது. சாப்பாடு சுமார். இதை இப்போது எழுதத் துணிந்ததற்குக் காரணம் உண்டு. பெரியப்பா வார இதழ்களைத் தொடுவதில்லை என்ற கொள்கை உடையவர். அப்பா தொடுவார்; ஆனால் மகள் எழுதும் பக்கத்தை, அதில் பிழையிருக்காது என்ற நம்பிக்கையால், படிக்காமல் புரட்டிவிடுவார்.

பத்திரிகைகளைக் கொடுத்த மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அச்சகத்துக்குப் போனேன். மேசைமேல் கோப்பு திறந்தபடியே இருந்தது. செல்லம்மாள் நேற்றே இரண்டு புதிய பிரதிகளை அதில் வைத்திருந்தார். சிவப்பு மைப் பேனாவைத் திறந்தேன். முனையில் ஒரு ரோஜா நிற இழை சிக்கியிருந்தது. அதைத் துடைத்துவிட்டு, முதல் பிரதியின் ஓரத்தில் ‘பிழையில்லை’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன். பிறகு இரண்டாவதிலும்.